இரண்டு சொட்டு

கடலை நான் பார்த்தது ஒரே ஒரு தடவை,
கடலூரில், கல்யாணமான புதிதில்,
செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு.
இப்போது மாதம் ஒரு முறை
கடல்தான் என்னைப் பார்க்க வருகிறது,
கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டுக்கு,
தெர்மாகோல் பெட்டியில் பன்னிரண்டு பாட்டிலாக.
"என்னம்மா, மீனா?" என்பார் கண்டக்டர்.
மீன் இருந்த தண்ணி.
"தண்ணிக்கும் லக்கேஜ் உண்டு."

ஆய்வுக்கூடத்தில் என் முதல் வேலை
பாட்டிலுக்கு இரண்டு சொட்டு நைட்ரிக் அமிலம்.
விட மறந்தால்
செம்பும் ஈயமும் காட்மியமும்
பாட்டிலின் சுவரில் போய் ஒட்டிக்கொள்ளும்.
இயந்திரம் ஒரு வாய் உறிஞ்சிப் பார்த்துவிட்டு
ஒன்றுமில்லை என்று பொய் சொல்லும்.
அமிலம் பட்டால் பிடி விடும்.
ஒளிந்ததெல்லாம் தண்ணீருக்குள் இறங்கிவரும்.

பழையபேட்டை மண்டியில்
பங்குனி வெயிலில் புளி தட்டும் சாக்கம்மாவுக்கு
இதை நான் விளக்க வேண்டியதில்லை.
ஈயம் பூசாத பித்தளையில்
புளிக்குழம்பை ராத்திரி விடமாட்டாள்.
விட்டால் விடிவதற்குள் களிம்பு பூக்கும்,
பாத்திரம் குழம்பில் கலந்ததை
நாக்கு சொல்லிவிடும்.

கடல் இன்னும் புளிக்கவில்லை.
மீட்டர் எட்டுக்கு மேல்தான் காட்டுகிறது.
காரம் குறைகிறது, அவ்வளவே.
ஆனால் அந்த அளவுகோலில்
ஒரு படி என்பது பத்து மடங்கு.
பத்தில் ஒரு பங்கு சரிந்தாலே
அமிலம் நூற்றுக்கு இருபத்தைந்து கூடிப்போகும்.
செம்பின் கையைப் பிடித்திருந்த கார்பனேட்
ஒவ்வொன்றாகக் கையை உதறும்.
தனியாகிவிட்ட செம்புக்கு
நுழைய ஒரு செவுள் போதும்.

நான் பாட்டிலுக்கு விடுவதை
யாரோ கடலுக்கு விடுகிறார்கள்,
சொட்டுச் சொட்டாக, இருநூறு வருடமாக,
புகைபோக்கி வழியாக.
என் ஸ்கூட்டி வழியாகவும்.

திம்மராயனுக்கு ஓசூரில் முலாம் பூசும் வேலை.
போல்ட்டை முக்குவார், எடுப்பார், அலசுவார்.
தொட்டி சூடாக இருந்தால் வேலை சீக்கிரம் முடியும் என்பார்.
அலசின தண்ணி எங்கே போகும்?
"வாய்க்காலுக்கு."
வாய்க்கால்?
"உனக்கு இன்னிக்கு லீவா?"

கெலவரப்பள்ளியில் மதகு திறந்த நாளில்
நுரை தரைப்பாலம் ஏறி நின்றது.
பிள்ளைகள் அள்ளி மீசை வைத்துக்கொண்டார்கள்.
அதில் பெங்களூர் இருந்தது, ஓசூர் இருந்தது,
எங்கள் வீட்டு வாடகையும் கொஞ்சம் இருந்தது.
நுரை அன்றே உடைந்தது.
உலோகத்துக்கு உடையத் தெரியாது.
அணையின் சேற்றில் படுத்திருந்து
அடுத்த வெள்ளத்தில் எழுந்து
தென்பெண்ணையோடு கிழக்கே போகும்.
அங்கே போய்ப் படுக்கப் பார்த்தால்
பாய் சுடுகிறது.
சூடேறின தண்ணீரில் மீனுக்கு மூச்சு இரைக்கும்.
இரைக்க இரைக்க
உள்ளே போகிற தண்ணீரும் கூடும்.

இந்த மாதத் தாளில்
ஒன்பதாம் பாட்டிலுக்கு நேரே
செம்பு போன வருடத்தைவிட அதிகம்.
கரையின் சேறு கக்கியதா,
புதிதாக வந்ததா, என் கை தவறா?
இன்னொரு முறை ஓட்டினேன்.
அதே எண்.
கையெழுத்து: ப. நாகவேணி.

சனிக்கிழமை சாயங்காலம்
ரவுண்டானா பக்கத்து நவாப்ஜான் கடையில்
ஐஸ் உருகச் சொட்டிக்கொண்டிருந்த சங்கராவை
ஒரு கிலோ வாங்கிவந்தார்.
"கடலூர் மீனாம். காலையில வந்ததாம்."
செவுளைத் தூக்கிப் பார்த்தேன்.
சிவப்பாகத்தான் இருந்தது.
சிவப்பில் என்ன தெரியும்.
இதற்கு யாரும் பாட்டில் அனுப்பவில்லை.

எலுமிச்சை அளவு புளி ஊறவைத்தேன்.
மண்சட்டியை எடுத்தேன்.
அவர் பிசைந்து ஒரு வாய் வைத்துவிட்டுச் சொன்னார்:
"புளி ஒரு சொட்டு தூக்கல்."

எவ்வளவு என்று கேட்டேன்.
சிரித்தார்.
நான் நிஜமாகத்தான் கேட்டேன்.